சாவியைக் கொடுத்த பிறகும் நிற்காத வண்டி

போன மாதம் எங்கள் பட்டறைக்குப் புது டீசல் வேன் ஒன்று சர்வீசுக்கு வந்தது. ஓட்டி வந்தவர் சாவியைத் திருப்பினார். என்ஜின் நின்றது. சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார். நான் அந்த வேனை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தேன்.

"என்ன அண்ணாச்சி, எதையும் தொலச்சிட்டீகளா?" என்று பட்டறையில் கேட்டார்கள்.

"தொலைக்கலப்பா. இது எப்பிடி நின்னுச்சுன்னு பாக்குறேன்."

வழக்கம்போல நான் வேடிக்கை பண்ணுகிறேன் என்று சிரித்தார்கள். சாவியைத் திருப்பி, அதைக் கழற்றி, காவல்காரர் கையிலும் கொடுத்துவிட்ட பிறகும் ஓடிக்கொண்டே இருந்த ஒரு டீசல் வண்டியில், அதுவும் பட்டாசு ஆலை வாசலில், உட்கார்ந்திருந்த ஆள் நான் என்பது அவர்களுக்குத் தெரியாது.

இந்த மாதக் கடைசியோடு வேலையிலிருந்து விலகுகிறேன். விலகுகிறவர் தான் சாதித்ததை எழுதித் தரவேண்டும் என்று சங்கத்து மலர்க்குழுவினர் கேட்டிருக்கிறார்கள். சாதித்ததற்கு ஒரு அஞ்சலட்டை போதும். பயந்ததை எழுதினால் மலர் நிறைந்துவிடும். அதையே எழுதுகிறேன்.

தொழில் படித்தது விருதுநகரில், ஒரு பஸ் கம்பெனிப் பட்டறையில். நாலு வருஷம். முதல் வருஷம் கிரீஸ் துடைத்தேன், அடுத்த வருஷம் கிரீஸ் வைத்தேன், மிச்சம் இரண்டு வருஷத்தையும் என் முதுகைக் கேட்டால் சொல்லும். அங்கே என் பெயர் நிலைத்தது ஒரே ஒரு காரியத்தால். கொதிக்கிற ரேடியேட்டரின் மூடியைத் திறந்துவிட்டு, ஆவி சீறிய பயத்தில், மூடியைக் கையில் பிடித்தபடியே ரயில்வே கேட் வரைக்கும் ஓடிவிட்டேன். திரும்பி வந்தபோது டிரைவரும் கண்டக்டரும் முப்பது பயணிகளும் வழிமேல் விழி வைத்துக் காத்திருந்தார்கள், மூடிக்காக.

எனக்குப் பயம் வந்தால் அதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் சிரிப்பு வரும். அடுத்துக் கால் நடுங்கும். மூளை கடைசி பஸ்ஸில் வந்து இறங்கும்.

பிறகு சிவகாசிக்கு வந்து இருளப்பன் மேஸ்திரி பட்டறையில் சேர்ந்தேன். நயா பைசா புழக்கத்துக்கு வந்து ஜனங்கள் அணாவை மறந்துகொண்டிருந்த காலம் அது. மேஸ்திரி குட்டையான மனிதர். வெள்ளை வேட்டியோடு என்ஜினுக்குள் பாதி உடம்பை நுழைத்து வேலை பார்ப்பார். வெளியே வந்தால் வேட்டியில் ஒரு பொட்டு எண்ணெய் இருக்காது. என் வேட்டியில் கொடியில் காயும்போதே கறை பட்டுவிடும். அவர் கன்னத்தில் எப்போதும் ஒரு பனங்கற்கண்டு ஒதுங்கி இருக்கும். கடிக்கவே மாட்டார். தானாகக் கரையும்வரை வைத்திருப்பார்.

திட்டமாட்டார், கத்தமாட்டார். ஆனால் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால், செய்யப்போகிற வேலையை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை அவரிடம் வாயால் செய்து காட்டவேண்டும். நாம் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவர் கேட்பது ஒரே சொல்தான்.

"பெறவு?"

"நட்டைக் களட்டுவேன் மேஸ்திரி."

"பெறவு?"

"சக்கரத்த எடுப்பேன்."

"பெறவு?"

நாம் எதையாவது விட்டுவிட்டால் அந்த இடத்தில் கற்கண்டு ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாறும். உடனே வாயை மூடிக்கொண்டு, விட்டது எது என்று போய் யோசிக்கவேண்டும். வேலை தெரிந்தவர்கள் அவர் வாயைப் பார்த்துக்கொண்டே பேசுவார்கள்.

நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனி. அதன் முதலாளியை நாங்கள் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். அவரிடம் ஒரு பிக்கப் இருந்தது. பட்டாளத்துக்காரர்கள் ஓட்டிக் கழித்துப்போட்ட பழைய அமெரிக்க வண்டி, பெட்ரோலில் ஓடுவது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும், சைலன்சரில் டுமீல் என்று ஒரு வெடி வெடிக்கும். ஆலைப் பெண்கள் அதற்கு வேட்டுவண்டி என்று பெயர் வைத்திருந்தார்கள்.

ஒரு நாள் அந்த வேட்டு ஆலை வாசலிலேயே வெடித்தது. உள்ளே நாற்பது பெண்கள் கைவேலையை அப்படியே போட்டுவிட்டுப் பின்பக்கக் கருவேலங்காட்டுக்குள் ஓடினார்கள். சத்தம் கேட்டால் முதலில் ஓடவேண்டும், என்ன ஏது என்று பிறகுதான் கேட்கவேண்டும் என்பது ஆலையில் எல்லோருக்கும் பழக்கம். முள் குத்திய காலோடு திரும்பி வந்த செல்லத்தாயி, அந்த அம்மாள்தான் பேக்கிங் பிரிவுக்குத் தலைவி, அண்ணாச்சியிடம் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்: "அது உள்ள வந்தா நாங்க வெளிய."

தீபாவளி சீசனுக்கு இரண்டு மாதம் இருந்தது. விருதுநகர் ரயில் நிலையத்துக்கு லோடு போயாகவேண்டும். மாட்டுவண்டியை நம்பினால் பாதிச் சரக்கு தீபாவளிக்கு மறுநாள்தான் போய்ச் சேரும். வண்டியை விற்றுவிடலாமா என்று கேட்க அண்ணாச்சி பட்டறைக்கு வந்தார்.

"அதுக்கு டீசல் எஞ்சின் மாட்டிரலாம் அண்ணாச்சி" என்றேன். டீசலை அப்போது எங்கள் பக்கம் குருடாயில் என்பார்கள். "குருடாயில் எஞ்சின்ல பிளக் கிடையாது, பொறி கிடையாது. வேட்டும் போடாது."

"பொறி இல்லாம எப்பிடிய்யா எரியும்?"

"சைக்கிளுக்குக் காத்தடிச்சா பம்போட அடி சுடுதுல்ல? அதே கததான். காத்த இறுக்குற இறுக்குல சூடாகி, எண்ணெ பட்டதும் தானா எரியும்."

மேஸ்திரி என்னைப் பார்த்தார். "நம்ம பட்டறையில யாரும் இந்த வேலையப் பண்ணதில்லையேலே வேலு. யாரு பண்ணப்போறா?"

"நான் பண்றேன்."

பட்டறை முழுக்கச் சிரித்தது. ரேடியேட்டர் மூடிக் கதை எனக்கு முன்னாலேயே சிவகாசிக்கு வந்து சேர்ந்திருந்தது. நான் எதைச் சொன்னாலும் சிரிப்பார்கள். நானும் அதற்குத் தோதாகவே பேசிக்கொண்டு திரிந்தேன். ஆனால் அன்றைக்கு அந்தச் சிரிப்பு என்னவோ உள்ளே குத்திவிட்டது. ஒரே ஒரு வேலையாவது யாரும் சிரிக்காதபடி செய்து முடிக்கவேண்டும் என்று ஒரு வைராக்கியம் வந்துவிட்டது.

"சரி" என்றார் மேஸ்திரி. "தோத்தா பழைய எஞ்சின நீயே மாட்டிக் குடுத்துட்டு, பஞ்சர் ஒட்டுற பக்கம் போயிரணும். சம்மதமா?"

"சம்மதம்."

"எங்க, சொல்லு பாப்போம்."

சொன்னேன். பெட்ரோல் என்ஜினை இறக்குவேன், பெறவு. டீசல் என்ஜினுக்குத் தாங்கி அடிப்பேன், பெறவு. கியர்பாக்ஸோடு சேர்ப்பேன், பெறவு. எண்ணெய்க் குழாய், தண்ணீர்க் குழாய், பாட்டரி என்று மூச்சு விடாமல் போனேன்.

"ஓட்டிப் பாப்பேன்."

"பெறவு?"

"ஆலைக்குக் கொண்டுட்டுப் போவேன்."

"பெறவு?"

"லோடு ஏத்துவேன்."

"பெறவு?"

"பெறவு தீவாளி வந்துரும் மேஸ்திரி!"

எல்லோரும் சிரித்தார்கள். மேஸ்திரியும் சிரித்தார். ஆலைக்குப் போவதற்கும் லோடு ஏற்றுவதற்கும் நடுவே அவர் கற்கண்டு கன்னம் மாறியதை என் கண் பார்த்தது. மனசுதான் தீபாவளி ஜோக்கைத் தயார் பண்ணிக்கொண்டிருந்தது.

மதுரையில் விபத்தில் நொறுங்கிய ஒரு சின்ன லாரியிலிருந்து நாலு சிலிண்டர் டீசல் என்ஜின் ஒன்று வந்தது. மூன்று பனைமரத் துண்டுகளை முக்காலியாகக் கட்டி, செயின் பிளாக்கைத் தொங்கவிட்டு, பழைய என்ஜினைத் தூக்கினோம். அது இருந்த இடத்தில் புதியதை இறக்கினால் இறங்கவில்லை. நீளமும் கூடுதல், உயரமும் கூடுதல், கனமோ இரண்டு ஆள் கூடுதல். ரேடியேட்டரை நாலு விரற்கடை முன்னால் தள்ளினேன். முன் ஸ்பிரிங்கில் பக்கத்துக்கு ஒரு பட்டை சேர்த்தேன். பழைய வண்டி ஆறு வோல்ட். புது என்ஜினைத் தட்டி எழுப்பப் பன்னிரண்டு வேண்டும். பாட்டரியிலிருந்து விளக்கு பல்புவரை எல்லாம் மாறியது.

உயிரை எடுத்தது கியர்பாக்ஸ்தான். அதன் போல்ட்டுத் துளைகள் ஒரு மாதிரி, என்ஜினின் துளைகள் வேறு மாதிரி. நடுவில் கனத்த இரும்புத் தகடு வைத்து இரண்டுக்கும் சம்பந்தம் பேசவேண்டும். தகட்டை வெட்ட அளவுக்கு ஓர் அட்டை வேண்டும். சிவகாசியில் அட்டைக்கா பஞ்சம்? வண்ணம் பிசகி அச்சகத்தில் கழித்துப்போட்ட முருகன் காலண்டர் அட்டை ஒன்றை எடுத்து என்ஜினின் முதுகில் வைத்து, குண்டுச் சுத்தியால் மெல்லத் தட்டினால் துளைகளின் அச்சு விழும். தட்டப்போன கையை மேஸ்திரி பிடித்துக்கொண்டார்.

"திருப்பி வைலே. சாமி மொகத்துல ஓட்ட விழும். மயில் தோகைப் பக்கமா வை."

அந்தத் தோகைக் கண்களை அளவாக வைத்துத்தான் தகடு உருவாயிற்று. கைத் துரப்பணத்தால் துளைத்து, அரத்தால் ராவி, நடுச்சுழி பிசகாமல் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வளைந்த கம்பியைச் சுழற்றி, கம்பிக்கும் விளிம்புக்கும் நடுவே பட்டாசு சுற்றுகிற தாளை விட்டுப் பார்ப்போம். சுற்றிலும் ஒரே இறுக்கமாகத் தாள் நுழைந்து வரவேண்டும். ஒரு பக்கம் லேசாக வந்தாலும் மறுபடி ராவவேண்டும். ஆறு நாள் ராவினேன். ஏழாம் நாள் சுற்றிலும் ஒரே மாதிரி வந்தது.

சைலன்சர் குழாயைச் சரக்கு இருக்கும் பின்பக்கம் விடாமல் முன்பக்கம் கொண்டுவந்து, கரிப் பொறி தப்பாதபடி வாயில் இரட்டைக் கம்பிவலை அடித்தேன். என்ஜின் உயரமாகிவிட்டதால் பானெட்டில் ஓட்டை போட்டு, காற்று இழுக்கும் குடுவையைக் குல்லா மாதிரி வெளியே நீட்டிவிட்டேன். பானெட்டின் கொக்கி எட்டவில்லை. கயிற்றுத் தொழிற்சாலைக்காரன்போல எட்டு முடிச்சுப் போட்டுத் தேங்காய்நார்க் கயிற்றால் கட்டினேன்.

இனி, நிறுத்துகிற விஷயம். பெட்ரோல் என்ஜினுக்குப் பொறிதான் உயிர். சாவியைத் திருப்பினால் பொறி அறும், என்ஜின் நிற்கும். அந்தக் காலத்து டீசல் என்ஜினுக்குச் சாவி ஒரு பொருட்டே இல்லை. எண்ணெய் பம்பில் விரல் நீளத்துக்கு ஒரு கைப்பிடி இருக்கும். அதைத் தள்ளி எண்ணெயை அறுத்தால்தான் நிற்கும். பட்டறையில் பானெட் இல்லாமல் திறந்தே கிடந்ததால் இருபது நாளும் கையை விட்டுத் தள்ளித்தான் நிறுத்தினோம். டிரைவர் பக்கத்தில், பெட்ரோல் என்ஜினைக் கிளப்பும்போது இழுக்கிற பழைய சோக் குமிழ் ஒன்று வேலையற்றுக் கிடந்தது. அதன் கம்பியை இழுத்து அந்தக் கைப்பிடியில் மாட்டிவிடலாம் என்று நினைத்தேன். நினைத்தது இன்றுவரை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மாட்டியதுதான் ஞாபகம் இல்லை.

ஆலைக்கு ஒரு வழக்கம் உண்டு. வாசலைத் தாண்டி இருபதடியில் சுண்ணாம்பு அடித்த வெள்ளைக்கல் ஒன்று நட்டிருக்கும். எந்த வண்டியும் அந்தக் கல்லில் என்ஜினை நிறுத்தவேண்டும். சாவியைக் காவல்காரர் முத்தையாவிடம் கொடுக்கவேண்டும். அவர் அதை ஆணியில் மாட்டுவார். பிறகு ஆட்கள் வண்டியைக் கையால் தள்ளி உள்ளே கொண்டுபோவார்கள். லோடு ஏற்றித் திரும்பக் கல்லுக்கு வெளியே தள்ளிவந்த பிறகுதான் சாவி கைக்கு வரும். கல்லுக்கு அந்தப் பக்கம் செருப்புக்கூட ஆகாது.

அன்றைக்கு அண்ணாச்சியும் மேஸ்திரியும் முன்கூட்டியே வந்து வாசலில் நின்றார்கள். உள்ளே செல்லத்தாயி இடுப்பில் கை வைத்து நின்றார். அவருக்குப் பின்னால் நாற்பது பேர், கருவேலங்காட்டுக்கு ஓடுவதற்குச் சேலையைச் செருகிக்கொண்டு தயாராக. நான் ஒரு வேட்டும் போடாமல், மாப்பிள்ளை அழைப்பு மாதிரி வந்து, வெள்ளைக்கல்லில் வண்டியை நிறுத்தினேன். சாவியைத் திருப்பினேன். எடுத்தேன். ஜன்னல் வழியே நீட்டினேன்.

"முத்தையாண்ணே, இந்தாங்க சாவி."

அவர் சாவியைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். "தம்பி, சாவி எங்கிட்ட இருக்கு. வண்டி இன்னும் ஓடுதே?"

சிரிப்பு வந்துவிட்டது. "நல்ல எஞ்சின்ணே" என்றேன்.

"என்ன மெக்கானிக்கு, நிறுத்தச் சொன்னா சிரிக்கீக?" என்று செல்லத்தாயி உள்ளேயிருந்து கத்தினார்.

சோக் குமிழை இழுத்தேன். வந்தது. வந்துகொண்டே இருந்தது. நாலடிக் கம்பி முழுவதும் என் மடியில் வந்து விழுந்தது. அடுத்து, கியரில் போட்டுக் கிளட்சை விட்டால் என்ஜின் மூச்சடைத்து நிற்கும் என்று எங்கோ கேட்டது நினைவு வந்தது. பிரேக்கை அழுத்தி மிதித்துக்கொண்டு செய்யவேண்டிய காரியம் அது. என் வலது கால் அந்த நேரம் நடுங்குவதில் மும்முரமாக இருந்தது. பெட்ரோல் வண்டியாக இருந்தால் நின்றிருக்கும். இது உழவு மாடு மாதிரி ஒரு இழுப்பு இழுத்து, வெள்ளைக்கல்லைத் தாண்டி இரண்டு கஜம் உள்ளே போய்விட்டது.

நாற்பது பேரும் காட்டுக்குள் ஓடினார்கள். நான் எப்படியோ நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுக் குதித்தேன். பானெட்டைத் திறந்தால் விரலால் நிறுத்திவிடலாம். எட்டு முடிச்சு! நகத்தால் பிறாண்டினேன், பல்லால் கடித்தேன். நான் வாழ்க்கையில் உருப்படியாகப் போட்ட முடிச்சுகள் அந்த எட்டும்தான். முன்பக்கக் குழாயிலிருந்து புகை என் முகத்தில் அடித்தது.

"தீ பிடிச்சிருச்சு! தள்ளுய்யா அங்கிட்டு!"

கத்தியது செல்லத்தாயி, உள்ளே இருந்தவர்களில் ஓடாமல் நின்ற ஒரே ஆள். வாசலோரத் தண்ணீர்த் தொட்டியில் எப்போதும் ஊறிக்கொண்டிருக்கும் சாக்கு ஒன்றைச் சொட்டச் சொட்டத் தூக்கிவந்து, வண்டியின் தலையில் நீட்டிக்கொண்டிருந்த குல்லாவின்மேல் போட்டு அமுக்கினார். தீ எதுவும் இல்லை. ஆனால் காற்று அடைபட்டுப்போனது. என்ஜின் ஒரு தடவை இருமியது, வண்டியோடு குலுங்கியது, நின்றது.

என் முழங்கால் ஒன்றோடொன்று மோதுவது எனக்கே கேட்டது.

செல்லத்தாயி சாக்கைத் தூக்கிப் பார்த்தார். "இம்புட்டுத்தானா? அப்போ எதுக்குய்யா உங்களுக்குச் சாவி?"

அண்ணாச்சி முகம் கறுத்திருந்தது. "போதும் தம்பி. பழைய எஞ்சினையே மாட்டிக் குடுத்துருங்க. வித்துத் தொலைச்சிர்றேன்."

சொல்லியிருந்தால் தப்பில்லை, சரி என்று. பஞ்சர் ஒட்டுகிற வேலையில் பயமே கிடையாது. காற்றுப் போன பிறகுதான் நம்மிடமே வருகிறது. ஆனால் ஆறு நாள் ராவிய தகடு வண்டிக்குள் ஒரு குற்றமும் இல்லாமல் உட்கார்ந்திருந்தது. குற்றம் என்ஜினுடையது அல்ல. நாலடிக் கம்பி என் கையில் தொங்கிக்கொண்டிருந்தது.

"மூணு நாள் குடுங்க அண்ணாச்சி. எஞ்சின் ஓடும்னு சொன்னேன், ஓடுச்சு. நிக்கும்னு சொல்ல மறந்துட்டேன். அதையும் சொல்லிட்டுப் போயிர்றேன்."

முதல்முறையாக யாரும் சிரிக்கவில்லை.

செல்லத்தாயிதான் பேசினார். "மூணு நாளோ முப்பது நாளோ, எடுத்துக்கோங்க. ஆனா ஒண்ணு. கால் நடுங்குற ஆளு கையில நாங்க நாப்பது பேரு உசுரக் குடுக்கமாட்டோம். நிறுத்துற கம்பி எங்க கையில இருக்கணும். வண்டிக்கு வெளிய. நாங்க இழுத்தா நிக்கணும். அப்பிடின்னா கொண்டுட்டு வாங்க. இல்லேன்னா ஒங்க பட்டறையிலயே வச்சு அழகு பாருங்க."

வண்டியை மாடு கட்டி இழுத்துவரச் சொல்லிவிட்டு, மேஸ்திரியும் நானும் பட்டறைக்கு நடந்து திரும்பினோம். கண்மாய்க் கரை வந்ததும் அவர் சொன்னார்: "ஆலைக்குப் போவேன்னே. லோடு ஏத்துவேன்னே. நடுவுல என்னமோ காங்கலியேன்னு எனக்குத் தோணுச்சுலே. என்னன்னு பிடிபடல. நீ தீவாளின்னதும் நானும் சிரிச்சுத் தொலைச்சிட்டேன்." தப்பில் பாதியைத் தன் பங்குக்கு எடுத்துக்கொண்ட மேலாளை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

முதல் நாள், டிரைவர் பக்கத்துக் கம்பியைப் பம்பின் கைப்பிடியில் இரட்டை நட்டுப் போட்டு மாட்டினேன். இரண்டாம் நாள், முன் பம்பரின் வலது ஓரத்தில் ஒரு பித்தளை வளையம். ஆலைக்குள் இரும்போடு இரும்பு உரசக் கூடாது என்பதால் பித்தளை. வளையத்திலிருந்து இன்னொரு கம்பி, குழாய்க்குள் ஓடி அதே கைப்பிடிக்கு. மூன்றாம் நாள் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. சாக்கு சொல்லிக்கொடுத்த பாடம். குல்லாவின் வாய்க்கு பிஸ்கட் டின் மூடியில் தோல் ஒட்டி ஒரு கதவு செய்து, அதையும் அதே வளையத்தோடு இணைத்தேன். வளையத்தைப் பாதி இழுத்தால் எண்ணெய் அறும்; முழுதும் இழுத்தால் காற்றும் அடைபடும். ஒன்று ஏமாற்றினாலும் மற்றது நிறுத்தும். கயிற்றை அவிழ்த்து எறிந்துவிட்டு, ஒரு விரலால் திறக்கிற கொக்கி வைத்தேன். நூறு தடவை இழுத்தேன். நூறு தடவையும் நின்றது. நூற்றோராவது தடவை மேஸ்திரி வந்து இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார்.

நாலாம் நாள் மறுபடி வெள்ளைக்கல். செல்லத்தாயி கல்லுக்கு வெளியே வந்து பம்பர் ஓரத்தில் நின்றார். தோளில் அந்த ஈரச் சாக்கு.

"பத்துவாட்டி நிறுத்துவேன். எப்ப இழுப்பேன்னு சொல்லமாட்டேன்."

நான் கிளப்புவேன், அவர் இழுப்பார். சில தடவை கிளப்பியதும் இழுத்தார். சில தடவை பேச்சுக் கொடுத்து, "ஒங்களுக்கு எத்தன பிள்ளைக?" என்று கேட்டு, நான் வாயைத் திறக்கும்போது இழுத்தார். எட்டாவது தடவை வளையத்தைத் தொடாமல் வெகுநேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். சிரிப்பு வரப்பார்த்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன். கால் நடுங்கியது, இந்தத் தடவை பிரேக்கின்மேல் வைத்துக்கொண்டு நடுங்கட்டும் என்று விட்டுவிட்டேன். இழுத்தார். நின்றது. பத்தும் நின்றது.

செல்லத்தாயி திரும்பிக் கை காட்டினார். "ஏ, வாங்கடி. தள்ளுவோம்."

நானும் இறங்கித் தள்ளப் போனேன். "நீங்க உக்காருங்க மெக்கானிக்கு. மொதல்ல காலு ஆடி முடியட்டும்" என்றார். என்னை உள்ளே உட்காரவைத்தே நாற்பது பேரும் வேட்டுவண்டியைப் பேக்கிங் கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

லோடு ஏற்றி, விருதுநகர் ஸ்டேஷனில் இறக்கிவிட்டு, சாயங்காலம் பட்டறைக்கு வந்தேன். மேஸ்திரி கை கழுவிக்கொண்டிருந்தார்.

"ஆலைக்குப் போனேன் மேஸ்திரி" என்றேன்.

"பெறவு?"

"நிறுத்தினேன்."

அவர் அடுத்த 'பெறவு' கேட்கவில்லை. கன்னத்தில் இருந்த கற்கண்டைக் கடித்தார். கடக் என்று சத்தம் கேட்டது.

அந்த வண்டி பதினோரு சீசன் ஓடியது. ஒவ்வொரு நடைக்கும் வெள்ளைக்கல்லில் செல்லத்தாயியே வந்து வளையத்தை இழுப்பார். ஒருநாளும் அது பிசகவில்லை. நான்கூடக் கடைசியில் நடுங்குவதை விட்டுவிட்டேன். ஆனால் பதினோரு சீசனில் ஒரு நாளாவது அவர் தோளில் இருந்த அந்தச் சாக்கு காய்ந்திருந்து நான் பார்த்ததில்லை.